லினக்ஸ் கெர்னல்: நீக்க வேண்டிய வரியும் காக்க வேண்டிய வரியும்

ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் எழுந்துவரும் தரவு மையங்களைப் போன்ற இடங்களில் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே, அதாவது அந்த இயங்குதளத்தின் உட்கருவே. ஒரே மூலநிரலிலிருந்து இத்தனை வகைக் கருவிகளுக்கும் கெர்னல் உருவாக வேண்டுமானால், எந்தக் கருவிக்கு எது வேண்டும் என்று எழுதிவைக்க ஓர் அமைவுக் கோப்பு தேவை. அதில் ஆயிரக்கணக்கான தெரிவுகள் உண்டு. கோப்பு எதுவும் சொல்லாதபோது எடுத்துக்கொள்ள வேண்டிய இயல்பு மதிப்பும் கெர்னலிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அதே மதிப்பைக் கோப்பில் மறுபடி எழுதினால் இன்றைய கெர்னலில் எதுவும் மாறாது. ஆனாலும் அந்த வரி இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஏனெனில், யோசித்து எடுத்த முடிவையும் தானாக வந்து சேர்ந்த மதிப்பையும் அது பிரித்தறிய முடியாமல் செய்துவிடுகிறது.

2010இல் ஆர்ம் வகைச் செயலி கொண்ட மின்சுற்றுப் பலகைகளுக்கான கோப்புகளில் இதுதான் நடந்தது. பலகைக்கொரு முழுநீளக் கோப்பு. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வரிகள் கூட்டமாக மாறின. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து, அக்கோப்புகளை அடியோடு நீக்கிவிடுவதாக எச்சரித்தார். அதையடுத்து கெர்னல் நிரலாளர் ஊவே க்ளைனெ-கோனிக் ஒரு நிரல் எழுதினார். அது ஒரு வரியை எடுத்துவிட்டு முழு அமைவையும் மறுபடி உருவாக்கும். விளைவு மாறவில்லை என்றால் அந்த வரியை நீக்கிவிடும். ஏறத்தாழ 2 லட்சம் வரிகள் இப்படிப் போயின. அதே ஆண்டில் இன்னொரு நிரலாளரான சாம் ராவ்ன்போர்க் சேர்த்த ‘சேவ்டெஃப்கான்ஃபிக்’ கட்டளை அவ்வேலையை நொடிகளில் முடித்தது.

இயல்பு மதிப்பு நாளை மாறினால் நம் கருவியும் சொல்லாமல் மாறிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாதுகாப்பு கருதி இயல்பு மதிப்பு மாற்றப்படும்போது, பழைய வரி யாருமே எடுக்காத முடிவாக நின்று அதைத் தடுக்கும். அப்போது அது மிகையான வரியும் அல்ல. எனவே கட்டளையும் அதைத் தொடாது. உருவாக்கிய கெர்னலில் என்ன இருந்தது என்பதற்கான பதிவு வேண்டுமென்றால், உருவாக்கத்தின்போது கிடைக்கும் முழு அமைவைச் சேமித்துவைத்தால் போதும்.

கட்டளையைக் கண்மூடி நம்பவும் கூடாது. ஒரு தெரிவை வேறொன்று தானாக இயக்கிவிட்டால், அதற்கான வரியையும் கட்டளை மிகையென்று நீக்கிவிடும். ‘டீபக்எஃப்எஸ்’ என்ற பிழைதேடும் வசதி 2020 வாக்கில் சில ஆர்ம் அமைவுகளிலிருந்து மறைந்தது இப்படித்தான். கெர்னலின் செயல்பாட்டைப் பின்தொடரும் டிரேசிங் பகுதி அதை இயக்குவதை நிறுத்தியதும், கோப்பில் தனி வரி இல்லாததால் வசதியும் போயிற்று. பராமரிப்பாளர்கள் அந்த வரியை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. ஆகவே கருவிக்கு உண்மையில் தேவைப்படும் வரி, இன்று மிகையாகத் தெரிந்தாலும், இருக்கட்டும்.