சட்டமொழியும் இரண்டாம் மொழியாளரும்

மொழியறிவு என்பது ஒருபடித்தானதன்று. சந்தையில் விலை பேசுதற்கு வேண்டும் அறிவு வேறு. சபையில் வாதிடுதற்கு வேண்டும் அறிவு வேறு. தாய்மொழியிற் சரளமாக உரையாட வல்லார் பலர், அம்மொழியிலேயே எழுதப்பட்ட காணி உறுதி ஒன்றைக் கையிற் கொடுத்தால், அதன் பொருள் விளங்காது திகைத்தல் கண்கூடு. தாய்மொழியாளர்க்கே இந்நிலையாயின், அம்மொழியை இரண்டாம் மொழியாகக் கற்றார் நிலையைக் கூறவும் வேண்டுமோ? ஆயினும், பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் 'இவருக்கு இம்மொழி தெரியும்' என்னும் ஒரு கூற்றோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதுண்டு. அக்கூற்றுப் போதுமானதா என்னும் வினாவைப் பிரயோக மொழியியலார் கடந்த அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்தம் முடிபுகள் சட்டம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, மொழி கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பெரிதும் பயன்படுவன.

சட்டமொழி மக்கள் மொழியினின்றும் விலகி நிற்பது இன்று நேற்றுத் தோன்றிய குறையன்று. இங்கிலாந்து தேசத்தில் நோர்மானியர் ஆட்சிக்குப் பின்னர் நீதிமன்ற வாதங்கள் பிரெஞ்சு மொழியிலும், பதிவேடுகள் இலத்தீன் மொழியிலும் அமைந்தன. தமக்கெதிராகவோ தம் சார்பிலோ கூறப்படுவது யாதென வழக்காளிகள் அறியாதிருந்தனர். இக்குறையை நீக்கும் பொருட்டு 1362 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வாதங்கள் ஆங்கிலத்தில் நிகழ்தல் வேண்டும் என அது விதித்தது. ஆனால் அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது! பதிவேடுகள் இலத்தீன் மொழியிலேயே தொடர்ந்தன. 1730 இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் 1733 இல் நடைமுறைக்கு வந்த பின்னரே, அந்நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலம் முற்றாக இடம்பெற்றது. மொழி மாறியும் நடை மாறவில்லை. பிரெஞ்சுச் சொற்களும் இலத்தீன் தொடர்களும் ஆங்கிலச் சட்ட நூல்களில் இன்றும் நிலைத்துள்ளன.

சட்டமொழியின் அருமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதலாவது, நாளாந்த வழக்கிலுள்ள சொல் சட்டத்திற் பிறிதொரு பொருள் பெறுதலாம். ஆங்கிலத்திற் 'கொன்சிடரேஷன்' என்னும் சொல் பொதுவழக்கிற் கருதிப் பார்த்தலைக் குறிக்கும். ஒப்பந்தச் சட்டத்திலோ, ஒருவர் பெறும் வாக்குறுதிக்கு ஈடாக அவர் தரும் பயனைக் குறிக்கும். இலங்கைத் தமிழ் வழக்கிலும் இத்தகைய சொற்கள் உள. 'உறுதி' என்பது பொதுவழக்கில் திண்மை. சட்ட வழக்கிற் காணி உரிமை காட்டும் பத்திரம். 'ஈடு' என்பது ஒப்பு. சட்ட வழக்கில் அடைமானம். 'எதிரி' என்பது பகைவன். நீதிமன்றத்திற் குற்றஞ் சாட்டப்பட்டவர். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்ற ஒருவர் இவற்றைக் கேட்கும்போது, அறியாத சொல் வந்ததெனத் தயங்கமாட்டார். அறிந்த சொல் வந்ததெனவே எண்ணுவார். அறியாத சொல் வினாவை எழுப்பும். அறிந்ததுபோல் தோன்றும் சொல்லோ வினாவை அடக்கிவிடும். ஆதலின் பின்னதே பெரிதும் இடர் தருவது.

இரண்டாவது காரணம் வாக்கிய அமைப்பு. ஐக்கிய அமெரிக்காவில் யூரிமார்க்கு நீதிபதி வழங்கும் அறிவுறுத்தல்களை வேதா சாரோ என்னும் மொழியியலாளரும் றொபேட் சாரோ என்னும் சட்ட அறிஞரும் ஆராய்ந்து, தம் முடிபுகளை 1979 இல் வெளியிட்டனர். அறிவுறுத்தலைக் கேட்டவர்கள் அதனைத் தம் சொற்களில் மீண்டும் கூறுமாறு பணிக்கப்பட்டனர். கேட்டவற்றுட் பலவற்றை அவர்கள் சரிவர விளங்கிக்கொள்ளவில்லை என்பது புலனாயிற்று. இடர்ப்பாட்டுக்குக் காரணம் சட்டக் கருத்தின் ஆழமன்று; வினையைப் பெயராக்கிக் கூறுதல், செயப்பாட்டு வினையைக் கிளைவாக்கியத்துட் புகுத்துதல், எதிர்மறைமேல் எதிர்மறை அடுக்குதல் முதலிய நடைக்குறைகளே எனக் கண்டனர். அதே அறிவுறுத்தல்களைத் தெளிந்த நடையில் மாற்றி எழுதியபோது, விளக்கம் மிகுந்தது. சட்டத்தின் நுட்பம் குன்றாமலே அதன் நடையைத் தெளிவாக்கலாம் என்பதற்கு இவ்வாராய்ச்சி சான்று.

இனி, இரண்டாம் மொழி கற்றலின் இயல்பை நோக்குதல் வேண்டும். 1979 இல் ஜிம் கமின்ஸ் என்னும் கல்வியறிஞர், மொழித்திறனை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, முகம்நோக்கி உரையாடும் திறன். இதற்குப் பேசுவோர் முகக்குறிப்பு, இடம், பொருள் முதலியன துணைசெய்யும். மற்றொன்று, இத்தகைய துணையின்றிச் சொல்லையே பற்றுக்கோடாகக் கொண்டு பொருளுணரும் கல்விசார் திறன். கனடாவிற் குடியேறிய மாணவர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்த அவர், உரையாடல் திறன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அமைந்துவிடினும், கல்விசார் மொழித்திறனில் ஏனைய மாணவரை எட்டுதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும் எனக் காட்டினார். மாணவன் விளையாட்டு மைதானத்தில் நன்கு பேசுவதைக் கண்ட ஆசிரியர், அவனுக்கு மொழி முற்றாக வந்துவிட்டதெனக் கருதி, வகுப்பில் அவன் பின்தங்குவதை அறிவுக்குறைவெனக் கொள்ளும் தவற்றை அவர் எடுத்துரைத்தார். இப்பாகுபாட்டை மறுத்துரைத்த அறிஞரும் உளர்; ஆயினும், சரளமான பேச்சு முழு விளக்கத்துக்குச் சான்றாகாது என்னும் உண்மை இதனால் நிலைபெற்றது.

சட்டமொழி இவ்விரண்டாம் வகைத் திறனையே வேண்டி நிற்பது. ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1966 இல் மிராண்டா வழக்கில் வழங்கிய தீர்ப்பின்படி, காவலில் உள்ளவரை விசாரிக்குமுன் அவர்தம் உரிமைகளைப் பொலிசார் எடுத்துரைத்தல் வேண்டும். இங்கிலாந்திலும் எச்சரிக்கை வாசகம் ஒன்று உண்டு. 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அது மூன்று பகுதிகளாக அமைந்தது. எதையும் கூறவேண்டிய கட்டாயம் இல்லை என்பது ஒன்று. இப்பொழுது வினவும்போது கூறாத ஒன்றைப் பின்னர் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொண்டால், அது எதிர்வாதத்துக்குக் கேடாகலாம் என்பது மற்றொன்று. கூறுவன சாட்சியமாகலாம் என்பது பிறிதொன்று. முதற்பகுதி மௌனத்துக்கு இடந்தருகின்றது. இரண்டாம் பகுதி அம்மௌனத்தாற் கேடு விளையலாம் என்கின்றது. இவை முரண்போலத் தோன்றும். இவற்றைப் பொருத்தி உணர்தல் அச்சமுற்ற நிலையில் தாய்மொழியாளர்க்கும் எளிதன்று. இரண்டாம் மொழியாளர்க்கோ பின்னும் அரிது.

இந்நிலையில், 'விளங்கிற்றா?' என்று வினவினால், 'ஆம்' என்னும் விடை வருதல் இயல்பு. அவ்விடை விளக்கத்தின் அடையாளமாகாது. அதிகாரிக்கு மரியாதை காட்டல், அச்சம், நாணம், விசாரணை விரைவில் முடிதல் வேண்டும் என்னும் அவா ஆகிய பலவும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கலாம். அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பேச்சை ஆராய்ந்த மொழியியலார், வினாவின் பொருளை உணர்ந்தாலும் உணராவிடினும் உடன்பட்டு விடையளிக்கும் வழக்கம் அவர்களிடை இருத்தலைக் கண்டனர். ஆங்கிலேயர் வழிவந்த நீதிமன்றம் அவ்வுடன்பாட்டை ஒப்புதலாகக் கொள்ளும். அவர்தம் மௌனத்தைக் குற்ற உணர்வெனக் கொள்ளும். அம்மக்களிடையிலோ, மௌனம் சிந்தனைக்குரிய இயல்பான இடைவெளி.

இவ்விடரை உணர்ந்த நீதிபதி ஒருவர் செய்த தீர்வு குறிப்பிடத்தக்கது. அவுஸ்திரேலியாவின் வட பிரதேச உயர் நீதிமன்றத்தில் 1976 இல் அனுங்கா வழக்கை விசாரித்த நீதியரசர் ஃபோஸ்டர், பழங்குடி மக்களை விசாரிக்கும் பொலிசார்க்குச் சில நெறிகளை வகுத்தார். ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாதார்க்கு உரைபெயர்ப்பாளர் வேண்டும். விசாரிக்கப்படுபவர் நம்பத்தக்க துணைவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். எச்சரிக்கை வாசகத்தை ஒவ்வொரு தொடராகக் கூறி, அதன் பொருள் யாது என அவரையே கூறச்செய்தல் வேண்டும். அவர் உணர்ந்தார் என்பது தெளியும்வரை விசாரணையைத் தொடரலாகாது. இவை அந்நெறிகளுட் சில. 'விளங்கிற்றா?' என்னும் வினாவை நீக்கி, 'விளங்கியதைக் கூறுக' என்னும் பணிப்பை அவ்விடத்தில் வைத்ததே இதன் சிறப்பு. 2015 இல் அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் மொழியியலாரும் உளவியலாரும் சட்ட அறிஞரும் கூடி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், உரிமைகளைக் கேட்டவர் தம் சொற்களில் மீட்டுரைத்தல் வேண்டும் என்பதையே வற்புறுத்தின.

இவை நூலறிவு மட்டுமல்ல. மனித வாழ்வைத் தொடுவன. குயீன்ஸ்லாந்தில் றொபின் கைனா என்னும் பழங்குடிப் பெண், தம் துணைவரைக் கொன்றார் எனக் குற்றத்தீர்ப்புப் பெற்று, 1988 இல் ஆயுட்சிறைத் தண்டனைக்கு ஆளானார். அவர் அத்துணைவரிடம் நெடுநாட் பட்ட கொடுமைகள் விசாரணையில் வெளிவரவில்லை. அவரோ ஆங்கிலம் பேசுபவர். ஆயினும் அவர் பேசியது பழங்குடி மக்களுக்குரிய ஆங்கிலம். நேர்வினாக்களை அடுக்கிச் செய்தி பெறும் சட்டத்தரணிகளின் முறைக்கும், நம்பிக்கை பிறந்தபின் சுற்றிவளைத்து உரைக்கும் அவர்தம் மக்கள் முறைக்கும் இடைவெளி மிகுதி. மேன்முறையீட்டில் டயானா ஈட்ஸ் என்னும் மொழியியலாளர் இவ்வேறுபாட்டை விளக்கிச் சான்றளித்தார். 1993 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சொல்லும் இலக்கணமும் ஒன்றாயினும், பேசும் முறை வேறாயின் நீதி தவறக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. டெல் ஹைம்ஸ் என்னும் அறிஞர் 'தொடர்பாடல் திறன்' எனக் கூறியது இதனையே: யாரிடம், எங்கு, எப்பொழுது, எங்ஙனம் பேசுதல் என்பதை அறிதலும் மொழியறிவின் பகுதியாம்.

உரைபெயர்ப்பாளர் உளராயின் இடர் தீருமெனின், அதுவும் முற்றும் உண்மையன்று. சூசன் பேர்க்-செலிக்சன் என்பார் ஐக்கிய அமெரிக்க நீதிமன்றங்களில் நிகழும் ஸ்பானிய உரைபெயர்ப்பை ஆராய்ந்து 1990 இல் எழுதிய நூலில், உரைபெயர்ப்பாளர் மரியாதைச் சொல் ஒன்றைக் கூட்டுதலும் குறைத்தலும் சாட்சியைப் பற்றிய யூரிமாரின் மதிப்பீட்டையே மாற்றும் எனக் காட்டினார். தயங்கிப் பேசியவர் கூற்றைத் தயக்கமின்றிப் பெயர்த்தல், பொருளை மாற்றாதாயினும், பேசியவரை மாற்றிவிடும். ஆதலின், இருமொழி பேசுவார் எவரும் உரைபெயர்ப்பாளராகலாம் என்னும் எண்ணம் பிழையானது. அது தனிப்பயிற்சி வேண்டும் தொழில்.

இலங்கையில் இப்பொருள் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988 இல் வந்த பதினாறாம் திருத்தம், சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள் என விதித்தது. வழக்காளி அவ்விரு மொழிகளுள் எதிலும் வழக்கைத் தொடங்கலாம். நீதிமன்ற மொழியை அறியாத நீதிபதி, யூரர், கட்சிக்காரர் ஆகியோர் அரசின் செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரித்துடையர். இவ்வுரித்து எதற்கெனின், நடவடிக்கைகளை விளங்கி அவற்றிற் பங்குபற்றுதற்கே என்பதையும் அவ்வுறுப்புரை காட்டுகின்றது. விளங்குதலே நோக்கம்; உரைபெயர்ப்பு அதற்குரிய கருவி. கருவி இருந்தும் நோக்கம் நிறைவேறாதாயின், உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். சட்டம் தந்த உரித்தை வாழ்வில் மெய்ப்பிப்போர், தமிழும் சிங்களமும் நன்கு கற்று, இரண்டினது சட்ட வழக்கிலும் பயிற்சி பெற்ற மாந்தரே.

அத்தகையோரை உருவாக்கும் பொறுப்புப் பாடசாலைகளுக்கு உரியது. இரண்டாம் மொழி வகுப்பு, வணக்கம் கூறவும் வழி கேட்கவும் பயிற்றுதலோடு அமைந்துவிடலாகாது. அறிவித்தல், விண்ணப்பப் படிவம், முறைப்பாடு, உறுதி ஆகியவற்றைப் படித்துத் தம் சொற்களில் மீட்டுரைக்கும் பயிற்சி மேல்வகுப்பு மாணவர்க்கு வேண்டும். விளங்காதவிடத்து, 'விளங்கவில்லை, மீண்டும் கூறுக' என்று அச்சமின்றிக் கேட்கும் வாக்கியமும் முதன்மையாகக் கற்பிக்கத்தக்கது. அனுங்கா நெறி நீதிபதி வகுத்ததாயினும், நல்லாசிரியர் எக்காலமும் வகுப்பறையிற் கையாளும் முறையும் அதுவே. 'விளங்கிற்றா?' என்று கேட்டு, 'ஆம்' என்னும் ஒருமித்த குரலோடு பாடத்தை முடிக்கும் ஆசிரியர் ஏமாற்றமடைவர். மாணவன் கூறக் கேட்டு அறிபவரே உண்மை அறிவர்.

நீதி என்பது தீர்ப்பிலே மட்டும் தங்குவதன்று; தீர்ப்புக்கு ஆளாவோர் தம்மீது கூறப்பட்டதை அறிந்து விடையளிக்கும் வாய்ப்பிலும் தங்குவது. மொழி விளங்காது நீதிமன்றத்தில் நிற்பவர், உடலால் அங்கு இருப்பினும், உண்மையில் அங்கு இல்லாதவரே. அவரை அங்கு இருப்பவராக்குதல் சட்டத்தரணிக்கும் உரைபெயர்ப்பாளர்க்கும் மொழியாசிரியர்க்கும் பொதுவான கடனாகும்.