புதுவீட்டுக் குளியலறை: டைல்ஸ் பதிக்கும் முன்னரே எண்ண வேண்டியவை

இடுப்பெலும்பு முறிந்து எம்மிடம் வரும் முதியோரை "எங்கே விழுந்தீர்கள்?" என்று வினவும்போது, "குளியலறையில்" என்னும் விடையை அடிக்கடி கேட்கிறோம். புதுவீடு கட்டுவோர் இத்துயரைப் பெரிதும் தவிர்க்கலாம். அதற்கான முடிவுகளை டைல்ஸ் பதிக்கும் முன்னரே எடுத்தல் வேண்டும்.

துண்டு போடும் கம்பி மனித எடையைத் தாங்காது. ஆகவே கழிப்பறை இருக்கையின் அருகிலும் குளிக்குமிடத்திலும் கைப்பிடிக் கம்பி பொருத்துவதற்கேற்பச் சுவரைப் பூச்சு வேலைக்கு முன்பே உறுதியாக்க வேண்டும். இருக்கை 450 முதல் 480 மில்லிமீட்டர் உயரமிருப்பின் முழங்கால் வலியுள்ளோர் எளிதில் எழுவர். கதவுத் திறப்பு 900 மில்லிமீட்டர் இருப்பின் சக்கர நாற்காலி தடையின்றி நுழையும். கதவு வெளிப்புறம் திறத்தல் நன்று. உட்புறம் திறப்பின், விழுந்தவரின் உடலே அதனை அடைத்துவிடக்கூடும்.

பளபளப்பான டைல்ஸ் சோப்பு நீரில் வழுக்கும். சொரசொரப்பானதே தரைக்கு ஏற்றது. வாயிலில் மேடு வேண்டா. நீர் தேங்காதவாறு தரையை வடிகுழி நோக்கிச் சரித்தால் போதும்.

தரை, சுவர், இருக்கை யாவும் வெண்மையாயின் கண்புரை உள்ளோர்க்கு ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிந்து தெரியாது. எனவே நிறங்கள் வேறுபடட்டும். விளக்கின் சுவிட்சு கதவுக்கு வெளியே அமையட்டும். படுக்கையிலிருந்து குளியலறை வரையிலான வழியில், கண் கூசாத இரவு விளக்கு எரியட்டும்.

கட்டும்போது இவற்றுக்காகும் செலவு சிறிது. பதித்ததை உடைத்து மாற்றும் செலவோ பெரிது. வரைபடத்தை முடிவு செய்யுமுன் வீட்டுப் பெரியவர்களின் தேவையைக் கேட்டறியுங்கள். ஐயமிருப்பின், அடுத்த முறை வரும்போது வரைபடத்தை எம் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.