பறக்கும் சோதனைத் தளத்தில் காவேரி எந்திரம்: செயல்திறனும் நிலைப்புத்தன்மையும்

கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில் ஆயிரம் மீட்டர் உயரமுள்ள இடத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும்; 12 கிலோமீட்டர் உயரத்திலோ கால்பங்கே எஞ்சும். தரையில் நன்கு இயங்கிய தாரை எந்திரத்தை வானில் மீண்டும் சோதிக்க வேண்டிய தேவை இதனாலேயே எழுகிறது.

போர் வானூர்திக்கெனப் பெங்களூரில் உருவாக்கப்பட்ட காவேரி எந்திரம் இதற்குத் தக்க சான்று. ரஷ்யாவின் குரோமோவ் பறப்பு ஆய்வு நிறுவனத்தில், இல்யூஷின்-76 சரக்கு வானூர்தியின் நான்கு எந்திரங்களுள் ஒன்றை நீக்கி, அவ்விடத்தில் காவேரி பொருத்தப்பட்டது. சோதனை எந்திரம் நின்றுவிடினும் ஏனைய மூன்றும் வானூர்தியைத் தாங்கும். 2010 நவம்பர் 3 அன்று நிகழ்ந்த முதற்பறப்பு ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடித்தது. 6000 மீட்டர் உயரமும் மாக் 0.6 வேகமும் எட்டப்பட்டன. பிந்தைய பறப்புகள் 12 கிலோமீட்டர் வரை சென்றன.

உந்துவிசையும் எரிபொருள் செலவும் எண்ணாக அளக்கத்தக்கவை. நிலைப்புத்தன்மை அத்துணை எளிதன்று. அமுக்கியின் அழுத்த விகிதத்தை உயர்த்தினால் திறன் கூடும். எல்லை மீறினால் இதழ்களை ஒட்டிய காற்றோட்டம் பிரிந்து, அழுத்தமுற்ற காற்று முன்பக்கமாகப் பீறிடும். இதுவே ‘சர்ஜ்’ எனப்படுவது. எரிபொருளைத் திடீரெனக் கூட்டுவதும், உள்வாயில் காற்று சீர்குலைந்து நுழைவதும் எந்திரத்தை அவ்வெல்லைக்கு அருகே தள்ளும். எனவே, உந்துவிசையை மட்டும் பதிவுசெய்யும் சோதனை அரைகுறையானதே.

சரக்கு வானூர்தியோ போர் வானூர்திபோல் சட்டெனத் திரும்பாது, ஒலிவேகத்தையும் கடவாது. ஆகவே, 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்த காவேரி, உயரத்தில் இயங்கவல்லது என்பதை இப்பறப்புகள் காட்டின. கடுந்திருப்பத்தின்போது அதன் அமுக்கி நிலைகுலையாதிருக்குமா என்னும் வினாவை அவற்றால் தொட இயலவில்லை.