பனிமலையில் வாகனம் காக்கும் வியாபாரம்

கொழும்பில் பெரிய ஹோட்டல்களுக்கோ கலியாண மண்டபங்களுக்கோ போனால், வாசலில் நமது வாகனத்தின் திறப்பை வாங்கிக்கொண்டு ஒரு துண்டைத் தருவார்கள். வாகனத்தை அவர்களே கொண்டுபோய் நிறுத்தி, நாம் கிளம்பும்போது திரும்பக் கொண்டுவந்து தருவார்கள். இதற்கு வெலே பார்க்கிங் என்று பெயர். பார்ப்பவர்களுக்கு இது ஒரு வியாபாரமாகவே தெரியாது. நாலு இளைஞர்களும் ஒரு மேசையும் இருந்தால் போதும் என்று நினைப்போம்.

நான் நீண்ட காலமாக டயர், பெட்டரி வியாபாரத்தில் இருப்பவன். கடுங்குளிரில் வாகனம் படும் பாட்டைப் பற்றி வாசிக்கப்போய்த்தான், அமெரிக்காவின் பனிச்சறுக்கு ஊர்களில் இதே தொழிலைச் செய்வோரைப் பற்றி அறிந்துகொண்டேன். பிறர் பொருளைப் பொறுப்பேற்றுப் பிழைக்கும் எந்த வியாபாரிக்கும் அவர்களது கணக்கு பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கொலராடோ மாநிலத்தில் வேல் என்ற ஊர் இருக்கிறது. 1962இல் பனிச்சறுக்குத் தலமாகத் திறக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 மீற்றர் உயரம். டென்வர் நகரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் சுமார் 160 கிலோமீற்றர் தூரம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனிக்காலம். வருபவர்கள் குடும்பமாக வருகிறார்கள். ஆளுக்கொரு சோடி நீண்ட சறுக்குப் பலகைகள், தடிகள், காலை மடக்க முடியாத கனத்த சப்பாத்து. இந்தச் சுமையோடு தொலைவிலுள்ள தரிப்பிடத்திலிருந்து பனியில் நடப்பது பெரும்பாடு. ஆகவே அங்கே வெலே சேவை வெறும் ஆடம்பரம் அல்ல. யூட்டா மாநிலத்தின் டியர் வெலி 1981இல் திறக்கப்பட்டபோது, வாகனத்திலிருந்து பலகைகளை இறக்கிக் கொடுக்க ஊழியர்களை நிறுத்தியே அது பெயர் எடுத்தது.

சில ஹோட்டல்கள் இதைத் தாமே நடத்துகின்றன. பல ஹோட்டல்கள் வெளிக் கம்பனிகளிடம் ஒப்பந்தத்துக்கு விடுகின்றன. அந்த ஒப்பந்தக்காரரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம்.

ஒன்றரை மணிநேரக் கணக்கு

மலையேற்றும் கம்பிவட இருக்கைகள் மாலை 4 மணியளவில் நிற்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி வருவார்கள். உதாரணமாக, 3.30க்கும் 5 மணிக்கும் இடையில் 120 வாகனங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஓடிப்போய் ஒரு வாகனத்தைக் கொண்டுவர 6 நிமிடம் என்றால், ஒருவர் 90 நிமிடத்தில் 15 வாகனம் கொண்டுவருவார். 8 பேர் போதும்.

அன்று பகலில் பனி கொட்டிவிட்டது. ஒவ்வொரு வாகனத்திலும் பனியைத் தட்டி, கண்ணாடியைச் சுரண்ட இன்னும் 4 நிமிடம். இப்போது ஒரு வாகனத்துக்கு 10 நிமிடம். ஒருவரால் 9 வாகனம்தான் முடியும். 14 பேர் தேவை. மேலதிகமாக 6 பேரை அந்த நேரத்தில் எங்கே தேடுவது?

விஷயம் தெரிந்தவர்கள் ஆள் தேடுவதில்லை. காலையிலேயே ஹோட்டல் வரவேற்பு மேசையிலிருந்து அன்று வெளியேறுவோரின் பட்டியலை வாங்கிவிடுகிறார்கள். பகல் 2 மணிக்கே அதே 8 பேரும் பனியை அகற்றி, முதலில் போகும் வாகனங்களை முன்வரிசைக்குக் கொண்டுவருகிறார்கள். அரை மணிநேரத்துக்கு முன் தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்புமாறு வாடிக்கையாளரிடமும் சொல்லி வைக்கிறார்கள். நெரிசல் நேரத்து வேலையின் பாதி, நெரிசலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இடத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. தள்ளி ஒதுக்கிய பனி தரிப்பிடத்தின் ஓரங்களில் மலையாகக் குவிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் எண்ணிப் பார்த்த எண்ணிக்கையை நம்பி ஒப்பந்தம் எழுதினால் ஜனவரியில் வாகனம் விட இடம் இருக்காது.

குளிர் செய்யும் வேலை

இது என் துறை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்க வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. சொல்லும் கணக்குப்படி, 0 பாகை செல்சியஸில் பெட்டரியின் வலு சுமார் 35 சதவீதம் குறைகிறது. கழிய 18 பாகையில் சுமார் 60 சதவீதம் குறைகிறது. மூன்று நாட்கள் அசையாமல் வெளியே நின்ற வாகனம், பெட்டரி பழையது என்றால் இயங்காது. அதனால் பெட்டரிக்கு உயிர் கொடுக்கும் கையடக்கக் கருவி ஒவ்வொரு முறைக் குழுவிடமும் இருக்கும்.

டயரின் காற்றும் இறங்கும். ஏறத்தாழ 5.5 பாகைக்கு 1 பி.எஸ்.ஐ. வீதம் அழுத்தம் குறையும். வீட்டில் 15 பாகையில் நின்ற வாகனம் இங்கே கழிய 15 பாகையில் நின்றால் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கிவிடும். ஏற்கனவே காற்றுக் குறைந்திருந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். “நான் தரும்போது நன்றாகத்தானே இருந்தது” என்று சண்டை தொடங்கும். ஈரமான நிலையில் கைபிரேக் போட்டால் அது உறைந்து இறுகலாம். துடைப்பான் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அதைத் தூக்கி நிறுத்தி வைப்பார்கள். மின்சார வாகனம் என்றால் குளிரில் ஓடும் தூரம் குறையும். மின்னிணைப்பில் போட வேண்டும்.

திறப்பைச் செருகாமலே இயங்கும் வாகனங்களில் இன்னொரு சிக்கல். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வாடிக்கையாளர் திறப்பைச் சட்டைப் பையில் போட்டபடி மலைக்குப் போய்விடுவார். ஊழியரும் கவனிக்காமல் ஓட்டிச்சென்று நிறுத்திவிடுவார். அணைத்த பிறகு மீண்டும் இயக்க முடியாது. எனவே திறப்பு கைக்கு வராமல் வாகனம் நகரக் கூடாது என்பதே அங்கே முதல் சட்டம்.

திறப்பை வாங்கினால் பொறுப்பும் வந்துவிடும்

வாகனத்தைத் தானே நிறுத்தித் திறப்பையும் தன்னிடமே வைத்துக்கொள்பவருக்கு நாம் இடத்தை மட்டுமே வாடகைக்குக் கொடுக்கிறோம். திறப்பை வாங்கிவிட்டால் கதை வேறு. அமெரிக்கச் சட்டத்தில் பொதுவாக அது ஒப்படைக்கப்பட்ட பொருள். நம் பேச்சில் சொன்னால் அமானிதம். சேதத்தோடு திருப்பிக் கொடுத்தால், உரிய கவனம் எடுத்தேன் என்று காட்டவேண்டியது வைத்திருந்தவரின் வேலை. துண்டின் பின்பக்கத்தில் “நாங்கள் பொறுப்பல்ல” என்று அச்சடித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று எண்ணக் கூடாது.

சாதாரண வியாபாரக் காப்புறுதியும் இங்கே கைகொடுக்காது. நம் பொறுப்பில் இருக்கும் பிறர் உடைமையை அது பெரும்பாலும் விலக்கி வைத்திருக்கும். வாகனம் காப்போருக்கென்று அங்கே தனிக் காப்புறுதி இருக்கிறது. அதை எடுத்தாக வேண்டும். அதோடு, வாகனத்தை வாங்கும்போதே நாலு பக்கமும் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பனியும் சேறும் அப்பிய வாகனத்தில் பழைய கீறல் தெரியாது. அப்படியானால் “அழுக்கு மூடியிருந்தது, பார்க்க முடியவில்லை” என்று துண்டில் எழுதி, வாடிக்கையாளருக்குக் காட்டிவிட வேண்டும்.

ஆளும் சம்பளமும்

பனிச்சறுக்கு ஊர்களில் தென்னமெரிக்க மாணவர்கள் ஜே-1 விசாவில் வந்து விடுமுறைக்கால வேலை செய்கிறார்கள். உணவகத்திலும் கம்பிவட நிலையத்திலும் அவர்களைக் காணலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் விதிப்படி, சாரதி அனுமதிப்பத்திரம் தேவைப்படும் வாகனம் ஓட்டும் வேலையில் அவர்களை வைக்க முடியாது. ஆகவே வெலே ஒப்பந்தக்காரர் உள்ளூர் ஆட்களையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்த ஊர்களில் வீட்டு வாடகையோ மிக அதிகம். தங்குமிடம் ஏற்பாடு செய்யாமல் ஆள் பிடிப்பது கடினம்.

வாடிக்கையாளர் கொடுக்கும் சந்தோஷப் பணம் முழுவதும் ஊழியருக்கே உரியது. முதலாளியோ மேற்பார்வையாளரோ அதில் கை வைக்கக் கூடாது என்று 2018இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. எனவே அதைத் தன் வருமானமாகக் கணக்கில் எழுதவும் முடியாது.

உழைப்பது ஐந்து மாதம். செலவில் ஒரு பகுதியோ பன்னிரண்டு மாதமும் நடக்கிறது. இதனால் வாகனத்துக்கு இவ்வளவு என்று மட்டும் ஒப்புக்கொள்பவர், பனி குறைந்த வருடத்தில் கையைச் சுட்டுக்கொள்வார். மாதத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையும், அதற்குமேல் வாகனக் கணக்கும் என்று எழுதுவதே பாதுகாப்பு.

நம் ஊரில் கராஜ், சலவைக் கடை, தையல் கடை, நகை திருத்தும் கடை வைத்திருப்போரும் பிறர் உடைமையை வாங்கி வைப்பவர்கள்தான். இங்கே பனி இல்லை. ஆனால் பெருநாளைக்கு முந்திய இரவு இருக்கிறது. வாங்கும்போது எழுதி வைத்தோமா, நம் காப்புறுதி வாடிக்கையாளரின் பொருளுக்கும் செல்லுமா, நெரிசல் நாளின் வேலையை முதல் நாளே எவ்வளவு முடிக்கலாம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் இந்த வாரமே கடையில் உட்கார்ந்து பதில் எழுதிப் பாருங்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியை முதலில் வாசியுங்கள்.