சிறுநீர்ப்பையில் கதிர்வீச்சு: காவல் அணுக்கள் மடிவதும் திரள்வதும்

சிறுநீர்ப்பையின் உட்சுவரில் தோன்றிய புற்றுநோய் அதன் தசையடுக்கினுள் ஊடுருவிவிட்டதாயின், மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளையே நோயாளியின் முன் வைக்கின்றனர். ஒன்று, பையை முழுவதும் அகற்றிவிடுதல். மற்றொன்று, கட்டியை இயன்ற அளவு சுரண்டியெடுத்தபின், மருந்துடன் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அளித்துப் பையைக் காப்பாற்றுதல். இரண்டாவது வழி எல்லோருக்கும் பொருந்துவதன்று. பொருந்துவோரிடத்தும் ஒரே அளவு கதிர் ஒரே பயனைத் தருவதில்லை. இவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களுள் ஒன்று கதிர்க் கருவியில் இல்லை. நோயாளியின் உடலிலுள்ள நோய்த் தடுப்பு அணுக்களில் இருக்கிறது என்பது கடந்த சில பத்தாண்டு ஆராய்ச்சிகளால் தெளிவாகி வருகிறது.

பையின் சுவரும் அதன் காவலும்

சிறுநீர்ப்பை என்பது ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளக்கூடிய ஒரு தசைப்பையாகும். அதன் உட்புறத்தை மூடியுள்ள மேற்றோலின் உச்சியில், குடை விரித்தாற்போன்ற பெரிய அணுக்கள் நெருங்கி அமைந்து, சிறுநீர் சுவரினுள் கசியாதபடி தடுக்கின்றன. இம்மேற்றோல் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது. அதன் அடியில், கிருமிகளையும் இறந்த அணுக்களையும் விழுங்கும் விழுங்கணுக்கள் மிகுதியாக உள்ளன. கிளை விரித்த உருவமுடைய தூதணுக்கள் அயற்பொருளின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குச் செல்கின்றன. அங்கே அவற்றைக் கண்டு விழிப்படைவன ‘டி’ லிம்போசைட்டுகள் எனப்படும் வெள்ளணுக்கள். இவை பெருகி, ரத்தத்தின் வழியே திரும்பி வந்து, குறிப்பிட்ட பகையை மட்டும் தேடிக் கொல்கின்றன. புற்றணுவும் அப்பகைகளுள் ஒன்றாகும்.

கதிர் கொல்வது வெப்பத்தால் அன்று

கதிர் உடலைச் ‘சுட்டு’ நோயை அழிக்கிறது என்ற எண்ணம் பொதுமக்களிடையே பரவியுள்ளது. ஆசிரியர்கள் இதை எளிய கணக்கினால் திருத்தலாம். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்குமாயின் அவ்வளவை ஒரு கிரே என்பர். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அளிக்கப்படும் வழக்கமான மொத்த அளவுகளுள் ஒன்று 64 கிரே. இது நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 32 தவணைகளாகப் பகுத்துத் தரப்படுகிறது. இந்த 64 ஜூலையும் ஒருசேர ஒரு கிலோகிராம் நீருக்கு அளித்தாலும், அதன் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட உயராது. கதிரின் வலிமை அது தாக்கும் இடத்தில் உள்ளது. அணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை அது அறுத்துவிடுகிறது. இரட்டை இழைகளும் ஒருங்கே அறுந்த அணு, பிரிந்து பெருக முயலும்போது மடிகிறது.

காவலர் மடிதல்

விரைந்து பிரியும் அணுக்களே கதிருக்கு எளிதில் இரையாகின்றன என்னும் விதியை 1906-இல் பிரெஞ்சு நாட்டவரான பெர்கோனியே, டிரிபோண்டோ என்னும் இருவர் வகுத்தனர். இவ்விதிக்கு ஒரு முக்கிய விலக்கு லிம்போசைட்டாகும். பிரியாது அமைதியாய் இருக்கும் லிம்போசைட்டுகூட ஓரிரு கிரே அளவிலேயே தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. நாள்தோறும் அளிக்கப்படும் ஒரு தவணையே, கதிரின் பாதையில் அகப்பட்ட லிம்போசைட்டுகளுள் கணிசமான பகுதியைக் கொல்லப் போதுமானது. மேலும், இடுப்பெலும்புகளில் ரத்த அணுக்களை உண்டாக்கும் மச்சை மிகுதியாக இருப்பதாலும், அப்பகுதி வழியே ரத்தம் இடையறாது ஓடுவதாலும், சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் ரத்தத்தில் லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை குறைவது வழக்கம்.

எனினும் எல்லாக் காவலணுக்களும் ஒரே வகையில் மடிவதில்லை. விழுங்கணுக்கள் கதிரை நன்கு தாங்குகின்றன. திசுவிலேயே தங்கிவிட்ட ‘டி’ லிம்போசைட்டுகள், ரத்தத்தில் திரிவனவற்றைவிட உறுதியானவை என எலிகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால், தடுப்பாற்றலைக் கட்டுப்படுத்தி அடக்கும் ஒருவகை லிம்போசைட்டுகளும் ஒப்பளவில் மிகுதியாகப் பிழைத்திருப்பதால், சமநிலை சில வேளைகளில் புற்றுக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடுகிறது.

காவலர் அழைக்கப்படுதல்

இதற்கு நேர்மாறான விளைவும் அதே கதிரால் உண்டாகிறது. அறுபட்ட டி.என்.ஏ.யின் துணுக்குகள் உட்கருவுக்கு வெளியே கசியும்போது, அணுவினுள் உள்ள உணர்கருவி ஒன்று, வைரஸ் புகுந்துவிட்டதாகவே கொண்டு அபாய அறிவிப்பை எழுப்புகிறது. அதன் பயனாக இன்டர்ஃபெரான் என்னும் பொருள் சுரக்கிறது. மடியும் புற்றணுக்கள் தம் மேற்பரப்பில் ‘விழுங்குக’ என்னும் அடையாளத்தை வெளிக்காட்டி, வேறு சில அபாயப் பொருள்களையும் வெளியிடுகின்றன. தூதணுக்கள் அவற்றின் துணுக்குகளை நிணநீர் முடிச்சுகளுக்கு எடுத்துச் செல்கின்றன. இவ்வாறு, கதிரால் இறந்த புற்றணுவே எஞ்சிய புற்றணுக்களை அடையாளம் காட்டும் தடுப்பு மருந்துபோல் ஆகிவிடுகிறது.

இந்தத் துணை எவ்வளவு பெரிது என்பதை 1979-இல் அமெரிக்காவில் ஹெலன் ஸ்டோன் முதலானோர் வெளியிட்ட எலிப் பரிசோதனை விளக்கிற்று. ‘டி’ லிம்போசைட்டுகள் குறைக்கப்பட்ட எலிகளில் ஒரே வகைக் கட்டியைக் குணமாக்க, இயல்பான எலிகளுக்குத் தேவைப்பட்டதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு கதிர் தேவைப்பட்டது. கதிர் தனித்து நின்று செய்வதாகக் கருதப்பட்ட வேலையில் ஒரு பெரும்பகுதியை உடலின் காவலே செய்துவந்தது என்பது இதனால் புலனாயிற்று.

புற்றணுவும் வாளா இருப்பதில்லை. இன்டர்ஃபெரானின் தூண்டுதலால் அது, தன்னைத் தாக்க வரும் லிம்போசைட்டை அடக்கும் ஒரு புரதத்தைத் தன்மேல் அணிந்துகொள்கிறது. இத்தகைய தடைகளை நீக்கும் வழியைக் கண்டதற்காகவே 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்ஜோ ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. இத்தடை நீக்கும் மருந்துகளைக் கதிருடன் சேர்த்தளித்து, பையைக் காப்பாற்றும் முயற்சியை வலுப்படுத்த முடியுமா என்று பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது.

சிறுநீர்ப்பை, காவல் அணுக்களைத் திரட்டுவதில் வல்ல உறுப்பு என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்தைப் பையினுள் செலுத்தி, மேலோட்டமான புற்று மீண்டும் வராமல் தடுக்கலாம் என்பதைக் கனடாவில் மொராலெஸ் என்பவரும் உடனிருந்தோரும் 1976-இல் அறிவித்தனர். அம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. மேலோட்டமான புற்றில் பி.சி.ஜி.யால் எழுப்பப்படும் காவலை, ஆழ்ந்த புற்றில் கதிரால் எழுப்ப இயலுமா என்பதே இன்றைய வினா எனலாம்.

மருந்தும் தவணையும்

கதிரின் விளைவைச் சில மருந்துகள் மிகுவிக்கின்றன. பிரிட்டனில் 360 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், கதிர் மட்டும் பெற்றோருள் 54 சதவீதத்தினரும், இரண்டு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றோருள் 67 சதவீதத்தினரும் ஈராண்டுகளின் முடிவில் பையிலும் சுற்றுப்புறத்திலும் நோயின்றி இருந்தனர். அங்கு 64 கிரேயை 32 தவணைகளாகவும், 55 கிரேயை 20 தவணைகளாகவும் அளிக்கும் இருமுறைகளும் கையாளப்பட்டன. தவணைகளாகப் பகுப்பதன் நோக்கம் இயல்பான திசுக்கள் இடைவேளையில் தம்மைச் செப்பனிட்டுக்கொள்வதாகும். ஆயின் ஒவ்வொரு நாளும் புதிதாக வந்துசேரும் லிம்போசைட்டுகளையும் அடுத்த தவணை தாக்குகிறது. ஆதலின் எந்த அளவு, எத்தனை தவணை, எவ்வளவு பரப்பு என்பவை காவல் அணுக்களின் நலனையும் கருதி ஆராயப்படுகின்றன.

பிற்காலத் தழும்பு

காவல் அணுக்களின் செயல் அளவு கடந்தால் அதுவே தீங்காகும். சிகிச்சைக் காலத்தில் உண்டாகும் அழற்சியால் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் தோன்றும்; இவை பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். சிலரிடம் அழற்சி ஓயாது நீடித்து, விழுங்கணுக்களும் பிற அணுக்களும் சுரக்கும் பொருள்கள் நார்த்திசுவை வளர்க்கின்றன. பையின் சுவர் தடித்துச் சுருங்குகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட, அவற்றினிடத்தில் எளிதில் உடையும் மெல்லிய குழாய்கள் தோன்றுகின்றன. இதனால் சில மாதங்கள் கழித்தோ, பல ஆண்டுகள் கழித்தோ சிறுநீரில் ரத்தம் காணலாம். கருப்பைவாய்ப் புற்றுக்காகக் கதிர் பெற்ற பெண்களுக்கும், பை அருகிலேயே இருப்பதால், இது நேரக்கூடும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

சிறுநீரில் வலியின்றி ஒரே ஒருமுறை ரத்தம் கண்டு தானே நின்றுவிட்டாலும், அந்நபரைப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். புகை பிடிப்போரிடமும், சாயத் தொழிலில் ரசாயனங்களைக் கையாண்டோரிடமும் இது மேலும் அவசியமாகும்.

சிகிச்சை பெறுபவர் எரிச்சலுக்கு அஞ்சித் தவணைகளை இடையில் நிறுத்தக்கூடாது. கிருமித் தொற்றும் இதே குறிகளைக் காட்டுமாதலால், சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பின்னரே மருந்து கொள்ளுதல் நன்று.

முன்னர்க் கதிர் பெற்ற ஒருவருக்குப் பின்னாளில் ரத்தம் காணுமாயின், அது நோய் திரும்பியதன் குறியாகவும் இருக்கலாம். பழைய கதிரின் தழும்பாகவும் இருக்கலாம். உள்நோக்கிக் கருவியால் பார்த்தே இதைத் தெளிய முடியும். எனவே பழைய சிகிச்சைச் சீட்டைப் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் காட்டும்படி நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அறிவுறுத்த வேண்டும்.

வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப்பட்டவரின் உடலில் கருவி நின்றபின் கதிர் எதுவும் எஞ்சியிராது. அவர் குழந்தையை எடுத்துக் கொஞ்சுவதாலோ, வீட்டாருடன் உண்டு உறங்குவதாலோ பிறருக்குத் தீங்கில்லை. இவ்வச்சத்தினால் பல நோயாளிகள் வீட்டிலேயே ஒதுக்கி வைக்கப்படுகின்றனர். இதனை நீக்குவது ஆசிரியர்களாலும் களப்பணியாளர்களாலும் எளிதில் செய்யக்கூடிய பெரும் உதவியாகும்.