கொல்லைப்புற ஷெட்டை அழகாக்கப் போறீங்களா? முதல்ல கூரையைப் பாருங்க!

பழைய சாமான், விறகு, ஓடாத சைக்கிள் எனக் கண்டதையும் போட்டு வைத்திருக்கும் கொல்லைப்புற ஷெட்டை, குறைந்த செலவிலேயே பளிச்சென மாற்றிவிடலாம். ஆனால் பெயின்ட் வாங்கும் முன் பார்க்க வேண்டியது கூரையைத்தான்.

தகரக் கூரையா?

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்க. ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு எனாமல் பெயின்ட் அடிக்கலாம். துருவின் மேலேயே அடித்தால் சீக்கிரம் உரிந்துவிடும். வெள்ளை நிறம் என்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே சூடும் குறையும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையா?

இங்கேதான் கவனம் தேவை. தேய்ப்பது, அறுப்பது, விளக்கு மாட்டத் துளை போடுவது எதுவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கும். அதைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் கூட வரலாம். பாதிப்பு வெளியே தெரியவே பல ஆண்டுகள் ஆகும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

விரிசல் இல்லாத ஷீட்டைச் சீண்டாமல் விட்டால் இழை பறக்கும் வாய்ப்பு குறைவு. மேலே ஏறவும் வேண்டாம். பழைய ஷீட் ஆள் எடை தாங்காது.

சாம்பல் நிற ஷீட் எந்த வகைன்னு தெரியலையா? ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்க.

அப்போ அழகு?

சுவருக்குச் சுண்ணாம்பு, அடியில் காவிப் பட்டை. ஷெட்டை ஒட்டித் தனியாக மூங்கில் நட்டு, முல்லையோ சங்குப்பூவோ படரவிடலாம். விளக்கையும் அந்த மூங்கிலிலேயே கட்டலாம். கூரையைத் தொடவே வேண்டாம்!