சக்கர நட்டும் இம்பேக்ட் ரெஞ்சும்

வாகனச் சக்கர நட்டுகளைக் கழற்றும் இம்பேக்ட் ரெஞ்ச், சீராகத் திருகும் கருவியன்று. அதனுள் சுழலும் சுத்தியல் போன்ற எடை, நட்டின் மேல் பொருந்தும் சாக்கெட்டைத் தாங்கும் தண்டின் மீது நொடிக்குப் பல முறை அடிப்பதால், துருவேறிய நட்டும் பிடிப்பவரின் மணிக்கட்டை முறுக்காமலேயே இளகுகிறது. வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது அதன் முறுக்கு விசை, அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியை எவ்வளவு விசையுடன் தள்ளுவதற்கு அது ஈடாகும் என்பதை நியூட்டன் மீட்டரில் கூறும் அளவு. கார் நட்டுகள் பெரும்பாலும் 90 முதல் 140 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கப்படுகின்றன எனினும், துருவும் அழுக்கும் பிடியைக் கூட்டுவதால், அதைப் போல் மூன்று மடங்கு முறுக்கு விசையும், சாக்கெட் பொருந்தும் அரை அங்குலச் சதுர முனையும் உடைய கருவியே தக்கது. லாரிக்கோ முக்கால் அல்லது ஓர் அங்குல முனை வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண் கழற்றும் விசையா, இறுக்கும் விசையா என்பதையும் கேட்டறிதல் நலம். பளபளக்கும் குரோம் பூச்சுச் சாக்கெட் அடி தாங்காமல் உடைந்து தெறிக்கக்கூடுமாதலால், இக்கருவிக்கென்றே செய்யப்படும் கருநிறச் சாக்கெட்டே பாதுகாப்பானது. நட்டைத் திரும்பப் பூட்டுகையில் மட்டும் இம்பேக்ட் ரெஞ்சை நம்பாமல், விசையின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் இறுதியாக இறுக்குதல் வேண்டும்.